நெடுங்கரிசலில் பெய்யாத மழை

நெடுங்கரிசலில் போன வருடம் நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் மழை பெய்ததாம். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. வடிவு அதை மூன்று தடவை படித்தாள். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை, வேறு ஏதோ ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டோமோ என்று தாளுக்குக் கிட்டே போனாள். மூன்றாம் தடவை உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஊரில் மழையை அளக்கிறவளே அவள்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கம்பிவேலிக்குள் ஒரு மழைமானி நிற்கிறது. ஒன்பது வருடமாகக் காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, உள்ளே இருக்கும் பாட்டிலை எடுத்து, அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுதி, போனில் அனுப்புகிறாள். போன வருடம் முழுக்க அந்தப் பாட்டிலில் விழுந்தது தொண்ணூற்றாறு மில்லிமீட்டர். மற்ற நாளெல்லாம் பூஜ்யம். காய்ந்த பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினால் செத்த பூச்சிதான் விழும். அதையும் தட்டிவிட்டுத்தான் பூஜ்யம் எழுதினாள்.

வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று மோதிச் சில்லுச் சில்லாய்ப் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. புதிதாக எதை அனுப்பினாலும் அந்தக் குப்பையில் அடிபட்டு அதுவும் குப்பையாகிறது. மேலிருந்து மேகத்தைப் பார்த்த கண்ணெல்லாம் அவிந்துபோன பிறகு, உலகம் தரையில் வைத்த பாட்டிலுக்கே திரும்பி வந்தது. இரண்டு லட்சம் மழைமானிகள். தினமும் காலையில் இரண்டு லட்சம் பேர் எழுதி அனுப்புவதை ஒன்றாகச் சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறார்கள். உலக மழைப் பேரேடு என்று அதற்குப் பெயர். பெயரில் குறைச்சல் இல்லை.

அந்தப் பேரேடு வெறும் காகிதமாக இருந்தால் யாரும் கவலைப்படப் போவதில்லை. கடல்நீரைச் சுத்தம் செய்து அனுப்புகிற கடல்குழாயில் எந்த ஊருக்கு எவ்வளவு என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. நெடுங்கரிசல் பக்கத்தில் வருடத்துக்கு நானூறு மில்லிமீட்டருக்குள் பெய்தால் முழுப் பங்கு. நானூறைத் தாண்டினால் கால் பங்கு. பன்னிரண்டு மில்லிமீட்டர் என்பது ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அந்தப் பன்னிரண்டுக்காக ஏப்ரல் முதல் தேதியிலிருந்து முக்கால் பங்குத் தண்ணீர் நிற்கப் போகிறது.

வடிவின் புருஷன் சேர்மக்கனிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. உப்புத் தண்ணீரும் வெயிலும் அந்தப் பக்கத்தில் பாதி ஆண்களுக்குச் செய்து வைத்த வேலை அது. செவ்வாயும் வெள்ளியும் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டயாலிசிஸ். ஒருவருக்கு ஒரு தடவைக்கு முந்நூறு லிட்டர் தண்ணீர் வேண்டும். கால் பங்குத் தண்ணீரில் அந்த இரண்டு இயந்திரமும் ஓடாது என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு எழுதினால் ஐந்து மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். சேர்மக்கனி ஐந்து மாதம் காத்திருந்தால் இருக்க மாட்டார். இது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஊராட்சித் தலைவர் பெருமாள்ராஜ் அவளைக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னால் வைத்து, என்னத்தை எழுதித் தொலைத்தாய் என்று கேட்டார். எவனிடமாவது கையூட்டு வாங்கினாயா என்றும் கேட்டார். வடிவு நோட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, மதுரையில் பேரேட்டின் தொகுப்பு அலுவலகம் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதையும் மனதில் முடிந்துகொண்டுதான் வடிவு பஸ் ஏறினாள்.

மதுரை அலுவலகத்தின் பொறுப்பாளர் நவநீதன். நாற்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், மேஜையில் ஆறிப்போன டீ. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். சண்டை போடத் தயாராக வந்தவளுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. வள்ளென்று விழுகிற ஆளாக இருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"உங்க நோட்டுல இருக்கிறது தினமும் இங்க வந்துச்சும்மா" என்றார் அவர். "ஆனா பேரேடு அத எடுத்துக்கல."

"எடுத்துக்கலைன்னா?"

"இயல்பா பெய்யிற மழையில பாதிக்குக் கீழ போனா அந்த மானிய நம்பக்கூடாதுன்னு ஒரு விதி. உங்க ஊருக்கு இயல்பு அறுநூத்து நாப்பது. பாதின்னா முந்நூத்து இருபது. நீங்க தொண்ணூத்தாறு அனுப்பியிருக்கீங்க."

"மழ பெய்யல. பெறகு என்னத்த அனுப்பச் சொல்லுதீக?"

அவர் விளக்கினார். செயற்கைக்கோள்கள் போன புதிதில் அவசர அவசரமாக ஊர் ஊருக்கு ஆள் போட்டார்களாம். பாதிப் பேர் மானியின் பக்கமே போகாமல் வீட்டில் படுத்துக்கொண்டு பூஜ்யம் என்று அனுப்பினார்களாம். வெள்ளம் புரண்ட ஊரிலிருந்துகூடப் பூஜ்யம் வந்ததாம். இதற்கு அலுவலகத்தில் சோம்பேறிப் பூஜ்யம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதனால்தான் பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் கூடி, பூஜ்யம் அளவுக்கு மீறினால் மானி கெட்டுவிட்டது, இல்லையென்றால் ஆள் சரியில்லை என்று முடிவு கட்டினார்கள். கணினி தானாகவே அந்த ஊரின் கணக்கைத் தள்ளிவிட்டு, அக்கம்பக்கத்து ஆறு மானிகளின் சராசரியை அந்த இடத்தில் நிரப்பிவிடும்.

வடிவு திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள். அவர் தயங்கிவிட்டுத் திருப்பினார். நெடுங்கரிசல் என்ற பெயருக்கு நேரே, அவள் பெயருக்குப் பக்கத்தில், சிவப்பில் போட்டிருந்தது: வாசிப்பாளர் அலட்சியம்.

அவளுக்கு வந்த கோபத்தில் அழுகை முட்டியது, அதை இந்த ஆள் முன்னால் விடக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"எங்காத்தா செத்த அன்னைக்கு நடுவீட்டுல பொணத்தப் போட்டுட்டு எட்டரைக்குப் போயி மானியத் தெறந்தவ சார் நான். சொந்தக்காரவுகல்லாம் காறித் துப்புனாக. அன்னைக்கும் பூஜ்யம்தான். அதையா அலட்சியம்ங்கீக?"

நவநீதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆறு ஊர் எது என்று அவள் கேட்டாள். பட்டியலைக் காட்டினார். ஆறாவது, கடலோரத் துறைமுக மானி. ஒரே ஒரு புயல் மழையில் எழுநூற்று இருபது காட்டியிருந்தது. அது உண்மையாக இருக்கலாம், கடலோரத்துச் சங்கதி வேறு. மற்ற ஐந்தும் கரிசல்காட்டு ஊர்கள். முந்நூற்று ஐம்பத்தொன்று, முந்நூற்று நாற்பத்தேழு, முந்நூற்று முப்பத்தெட்டு, முந்நூற்று அறுபத்திரண்டு, முந்நூற்று ஐம்பத்திரண்டு.

முதல் எண் சூரங்காட்டினுடையது. ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். அங்கே மானி வாசிக்கிறவர் அந்தோணிச்சாமி. ஐப்பசியில் ஒரு பொட்டுத் துளிகூட விழாமல், தண்ணீர் காட்ட முடியாமல், இருந்த நாற்பது ஆட்டையும் பாதி விலைக்கு விற்றுவிட்டு, வடிவின் வீட்டில் வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தியவர் அவர். அந்த ஐப்பசிக்கு அவர் எழுதியிருந்தது நூற்றுப் பத்து மில்லிமீட்டர்.

அவள் ஐந்து எண்களையும் மறுபடி பார்த்தாள். எல்லாம் முந்நூற்று இருபதுக்கு மேலே, எல்லாம் நானூறுக்குக் கீழே. ஒன்றுகூடத் தப்பி வெளியே போகவில்லை. முந்நூற்று இருபதுக்குக் கீழே போனால் அலட்சியம், நானூறுக்கு மேலே போனால் தண்ணீர் இல்லை. இடையில் இருக்கிற சந்துக்குள் ஐந்து பேரும் ஒருவர் தோளில் ஒருவர் உரசிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் ஊருக்கெல்லாம் முழுப் பங்கு வருகிறது. அவர்களுடைய பொய்யையும் துறைமுகத்துப் புயலையும் சேர்த்து ஆறால் வகுத்து அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

"இவுக பூரா பொய் எழுதியிருக்காக" என்றாள்.

"எழுத்துல கொடுங்க, விசாரிக்கிறேன்" என்றார் நவநீதன். குரல் தாழ்ந்திருந்தது. "விசாரிச்சா அஞ்சு மானியும் போகும். அஞ்சு ஊருக்கும் துறைமுகத்து மழையப் போட்டு நிரப்பிடும். உங்களுக்கு எழுநூத்து இருபதுன்னு வரும். அஞ்சு ஊர்லயும் டயாலிசிஸ் நடக்குதும்மா."

"ஒங்களுக்கு இது முன்னமே தெரியும்லா?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். திரையில் உலகப் படத்தை விரித்தார். இயல்பில் பாதிக்குச் சற்று மேலே நிற்கிற மானிகளுக்கு மட்டும் மஞ்சள் போட்டிருந்தார். ஆப்பிரிக்காவில் ஒரு பட்டை, ராயலசீமை முழுக்க, பிரேசிலில் ஒரு மூலை, ஆஸ்திரேலியாவின் வயிறு. காய்கிற இடமெல்லாம் மஞ்சள். எவனும் எவனிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, எல்லாரும் அதே சந்துக்குள்தான் வந்து நின்றிருந்தார்கள்.

"ஆறு வருசமா இந்தப் பேரேட்டுல உலகத்துல வறட்சியே கிடையாது" என்றார். "மேலிடத்துக்கு மூணு தடவை எழுதுனேன். வறட்சி ஒழிஞ்சதுக்குப் போன வருசம் விழா எடுத்தாங்க. எனக்கும் ஒரு கேடயம் கொடுத்தாங்க."

கேடயம் அலமாரிக்கு மேலே, சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. வடிவுக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபம் போகவில்லை. ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் போய்விட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். நகலெடுத்ததில் தவறு நேர்ந்துவிட்டது என்று சொல்லி, ஒரு மானிக்கு ஒரே ஒரு தடவை, ஒரு வருடக் கணக்கைத் திருத்திக் கொடுக்கலாம். நாள்வாரியாக எழுத வேண்டும், எழுதுகிறவர் கையெழுத்திட வேண்டும். இதைச் சொன்னவர் எந்த எண்ணை எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. டீயை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

வடிவு வெகுநேரம் படிவத்தைத் தொடவில்லை. கிழித்து அவர் முகத்தில் எறிந்துவிட்டு எழுந்து போக வேண்டும் என்று கை துடித்தது. வெள்ளிக்கிழமை இயந்திரத்திலிருந்து எழுந்ததும் சேர்மக்கனி ஒரு வாய் இட்லி கேட்பார், அன்றைக்கு மட்டும்தான் அவருக்கு நாக்கில் ருசி தெரியும். அவள் பேனாவை எடுத்தாள்.

எழுத ஆரம்பித்தபோது, எந்தத் தேதியில் எழுதுவது என்று கை நின்றது. பிறகு தானாகவே ஓடியது. மக்காச்சோளம் விதைத்துப் பத்தாம் நாள் ஒரு மழை வந்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும். அங்கே இருபத்தெட்டு போட்டாள். மிளகாய் பூவெடுத்த வாரத்தில் நாற்பது. கண்மாய் அடிமண் வெடித்த வாரத்தில் மூன்று நாள் தொடர்ந்து போட்டாள். அந்தோணிச்சாமி ஆடு விற்றதற்கு முந்தின நாள் முப்பத்தைந்து. ஒவ்வொன்றும் வந்திருக்க வேண்டிய மழை. மத்தியானத்துக்குள் முந்நூற்று ஐம்பது வந்துவிட்டது. கையெழுத்துப் போடும்போது காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தினாள்.

ஏப்ரலில் தண்ணீர் நிற்கவில்லை. பேரேட்டிலிருந்து அவளுக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது. தவறைத் தானே கண்டறிந்து திருத்திய நேர்மைக்காகவாம். பெருமாள்ராஜ் அதைக் கண்ணாடி போட்டு ஊராட்சி அலுவலகத்தில் மாட்டினார்.

அந்தோணிச்சாமியை அவள் சூரங்காட்டுக்கே போய்ப் பிடித்தாள். வாய்க்கு வந்தபடி பேசினாள். அவர் எல்லாவற்றையும் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டார்.

"ஒங்கிட்ட எப்பிடித் தாயி சொல்லுவோம்?" என்றார் கடைசியில். "நீ நேர்மையான ஆளு. ஒன்னால எங்களுக்குக் கேடு வந்துருமோன்னு பயந்தோம். எங்களால ஒனக்கு வரும்னு நெனைக்கல."

அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒத்துப்பார்ப்பது என்று அதற்குப் பெயர். காலை எட்டு மணிக்கு ஐந்து பேரும் போனில் பேசி, இன்றைக்கு யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்துகொள்வார்கள். எல்லாரும் ஒரே எண்ணைப் போட்டால் சந்தேகம் வருமென்று ஒருவர் ஒன்றிரண்டு கூட்டுவார், ஒருவர் குறைப்பார். அந்த வருடம் ஆறாவது ஆளாக வடிவும் சேர்ந்தாள். கெட்டிக்காரியாகவே செய்தாள். அனுப்பிய எண்ணைத் திரும்பப் பெற முடியாது, திருத்தப் படிவமும் தீர்ந்துவிட்டது என்பதால், ஒவ்வொன்றையும் யோசித்து எழுதினாள். மார்கழி பிறந்தபோது நெடுங்கரிசலில் முந்நூற்று நாற்பத்தொன்று பெய்திருந்தது. பாட்டிலில் விழுந்தது நூறுகூட இல்லை. வருடம் முடியப் பதினைந்து நாள்தான் பாக்கி.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி விடியும்போது மழை பிடித்துக்கொண்டது.

தூறல் இல்லை, அடைமழை. கரிசல் மண் குழைந்து காலை இழுத்தது. பிள்ளைகள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவில் குதித்தன. பெருமாள்ராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வடிவு குடையில்லாமல் மானிக்கு நடந்தாள். பாட்டில் கனத்தது. ஒன்பது, பத்து வருடத்தில் அது அப்படிக் கனத்ததில்லை. குவளையில் மூன்று தடவை ஊற்ற வேண்டியிருந்தது. அளந்து கூட்டினாள். அறுபத்து மூன்று.

கணக்கு அவள் கேட்காமலே தலைக்குள் ஓடியது. முந்நூற்று நாற்பத்தொன்றும் அறுபத்து மூன்றும் நானூற்று நான்கு.

எட்டு மணி ஒத்துப்பார்ப்பில் அன்றைக்கு அவள் சேரவில்லை, முடிந்ததும் அந்தோணிச்சாமி கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். யாரும் எண் சொல்லவில்லையாம். ஒருவர் விக்கி விக்கி அழுதாராம். கடைசியில் ஐந்து பேருமே பூஜ்யம் என்றுதான் முடிவு செய்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

எட்டரைக்கு மேல் போன் மறுபடி அடித்தது. மதுரையிலிருந்து நவநீதன். இதுவரை அவர் கூப்பிட்டதே இல்லை. மூச்சு வாங்கப் பேசினார். கரிசல் மானிகள் ஐந்தும் பூஜ்யம் அனுப்பியிருக்கின்றன, உங்களுடையது மட்டும் பாக்கி என்றார்.

"அம்மா, அங்க மழை பெய்யுதா?"

வடிவு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் வடிந்து உதட்டில் இறங்கியது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சேர்மக்கனி சுகாதார நிலையத்தில் படுத்திருக்கிறார், குழாய்த் தண்ணீர் அவர் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறது.

"நீங்க சொல்லுங்க சார்" என்றாள். "பெய்யலாமா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. கொஞ்சநேரம் கழித்துத்தான் அது சத்தமில்லாமை அல்ல என்று அவளுக்குப் புரிந்தது. மதுரையிலும் மழை. அவருடைய ஜன்னலில் விழுகிற ஓசை போனுக்குள் நன்றாகக் கேட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"எவ்வளவுன்னு போடட்டும்மா?" என்றார் கடைசியில்.

"பூஜ்யம்."

"சரி. ஏத்துக்கிட்டேன்." ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் போனை வைத்தார்.

ஊற்றி அளந்த தண்ணீர் வாளியில் கிடந்தது, ஒன்றேகால் லிட்டர் இருக்கும். அளந்து முடிந்ததும் அதைத் தரையில் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. வடிவு கொட்டவில்லை. நோட்டைத் திறந்து தேதிக்கு நேரே பூஜ்யத்தை எழுதிவிட்டு, வாளியை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.